கல்யாண எண்

எல்லையோர ஊரான ஹொமொக்தோவில் குளிர்காயப் பீங்கான் ஓடு பதித்த கணப்படுப்பு கட்ட வேண்டுமென்றால் காஷ்பாரைக் கூப்பிடுவார்கள். கல்யாணப் பந்தியில் ரிப்பன் கட்டிய கோலைத் தரையில் தட்டி, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு பாட்டுச் சொல்லிப் பரிமாறவைக்கும் கட்டியக்காரன் வேண்டுமென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கல்யாண எண்ணின் குணத்தைச் சொல்ல ஊரில் ஒரே ஆள்தான். அது அவன் தங்கை எதெல்கா.

"ஜோசியம் பார்க்கிற பொண்ணா?" என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டுவிட்டால் காஷ்பாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"ஜோசியம் தப்பாப் போகும்யா. என் தங்கச்சி சொல்றது தப்பாப் போகாது. வேணும்னா வகுத்துப் பார்த்துக்க" என்பான்.

காஷ்பார் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். படிப்பு நின்றாலும் வேலையில் சுத்தம். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கும் கோடு நூல் பிடித்ததுபோல் இல்லையென்றால் பிரித்துவிட்டு மறுபடி பதிப்பான். அவன் தொழில் பழகிய நாட்களில் கொல்லைப்புறத்தில் உடைந்த ஓடுகள் குவிந்து கிடக்கும். மற்றப் பிள்ளைகள் அவற்றை வைத்து வீடு கட்டினால், எதெல்கா செவ்வகம் அடுக்குவாள். எட்டு ஓடு என்றால் இரண்டு வரிசை. பன்னிரண்டு என்றால் இரண்டு வரிசையாகவும் வரும், மூன்று வரிசையாகவும் வரும், அவளுக்குக் கொண்டாட்டம். ஏழு வந்தால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

"அண்ணே, இது மடங்கவே மாட்டேங்குது. ஒரே வரிசையாத்தான் நிக்குது."

"ஒண்ணை எடுத்துப் போடு. ஆறாயிடும்."

"எடுத்தா அது ஆறுல்ல? நான் கேக்கறது ஏழுக்கு."

ஏழுக்கு என்ன வழி என்று காஷ்பாருக்குத் தெரியவில்லை. அப்படி மடங்காத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் என்பதைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவனுக்குச் சொன்னவளும் அவள்தான். அன்று அவன் சாப்பிடும்போது தன் முதலாளியிடம் அதைச் சொன்னான். முதலாளிக்கும் தெரிந்திருக்கவில்லை. காஷ்பாருக்கு அது போதும்; ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சேறு குழைத்தான்.

எதெல்கா வளர்ந்து, தபால் ஆபீஸில் டெலிபோன் லைன் இணைக்கும் பலகை முன்னால் வேலைக்கு உட்கார்ந்தாள். ஊரில் யாருக்கு எந்த எண் என்பது மட்டுமல்ல, எந்த எண்ணுக்கு என்ன குணம் என்பதும் அவளுக்கு அத்துப்படி. "டாக்டர் வீட்டு நம்பர் பகா எண். அதான் அவரு யாரோடயும் ஒட்ட மாட்டேங்கறாரு" என்று சிரிக்காமல் சொல்வாள். அது பரவி, டாக்டரே ஒருநாள் வந்து, "வேற நம்பர் மாத்திக் குடும்மா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஊரில் நிச்சயதார்த்தத்தன்று ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டு மரக்கதவில் மாப்பிள்ளை தன் பிறந்தநாளைச் சுண்ணக்கட்டியால் நான்கு இலக்கமாக எழுதுவான். அதற்கு வலப்பக்கம், ஒட்டினாற்போல், பெண் தன்னுடையதை எழுதுவாள். இரண்டும் சேர்ந்து ஒரே எண். முதலில் பூஜ்யம் நின்றால் அது வாசல்காவலன், கணக்கில் சேராது. அந்த எண்தான் அந்தக் குடும்பத்தின் எண். கல்யாணம் வரை கதவில் அப்படியே இருக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று மூன்றால் வகுத்துப் பார்ப்பார்கள். ரொட்டி வாங்கப் போன பெண்கள் பதினொன்றால் வகுத்துப் பார்ப்பார்கள். எதெல்காவுக்கு முன்பெல்லாம் அதோடு சரி. பதின்மூன்றால் வகுபட்டால் கிழவர்கள் தலையை ஆட்டுவார்கள். இல்லையென்றால் கோப்பையைத் தூக்குவார்கள்.

எதெல்கா வந்த பிறகுதான் எண்களுக்கு இனம் குலம் எல்லாம் வந்தது. ஓர் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கும் சின்ன எண்களையெல்லாம் கூட்டிப் பார். எட்டை எடுத்துக்கொண்டால் ஒன்று, இரண்டு, நான்கு, கூட்டினால் ஏழு. எட்டை எட்டவில்லை. அது குறை எண். பன்னிரண்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, கூட்டினால் பதினாறு. அது மிகை எண். ஆறுக்கு ஒன்றும் இரண்டும் மூன்றும் சேர்ந்து சரியாக ஆறு. அது நிறைவெண். நிறைவெண் கல்யாணத்துக்கு வாய்க்காது என்று எதெல்கா முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். இருந்தும் ஆசை யாரை விட்டது?

ஊர் இதைப் பிடித்துக்கொண்டு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது. மிகை எண் வாய்த்த வீடு, வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட வேண்டும். குறை எண் வாய்த்த வீட்டுக்கு, குறையை நிரப்ப ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு ஜாடி ஊறுகாயோ பழப்பாகோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒற்றைப்படை எண்கள் பெரும்பாலும் குறை எண்ணாகவே இருக்கும். மிகையாக இருக்கிற ஒற்றைப்படையில் முதலாவதே தொள்ளாயிரத்து நாற்பத்தைந்துதான். ஆகவே ஜாடிகளுக்கு ஊரில் ஓய்வே கிடையாது.

மாவு ஆலை லாரி ஓட்டும் பண்டி ஜனவரி மூன்றில் பிறந்தவன். அவன் பெண்டாட்டி பிப்ரவரி இருபத்தைந்து. கதவில் 01030225 என்று நின்றது. எல்லாரும் ஐந்தால் வகுபடுகிறது என்று சொல்லிவிட்டுப் போக, எதெல்கா பந்தியில் காஷ்பாரின் வாயால் சொல்லவைத்தாள்: "பத்து லட்சத்து முப்பதாயிரத்து இருநூற்று இருபத்தைந்து. ஆயிரத்துப் பதினைந்தை ஆயிரத்துப் பதினைந்தால் பெருக்கினால் இதுதான் வரும். சதுர எண். நாலு சுவரும் ஒரே நீளம். இந்த வீட்டில் யார் பக்கமும் நீளமில்லை, யார் பக்கமும் குட்டையில்லை." பண்டியின் மாமனார் அங்கேயே உறையில் எழுதிப் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எதெல்காவின் வாசிப்பு இல்லாமல் ஊரில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. சொற்கள் அவளுடையவை, சொல்வது மட்டும் காஷ்பார். கோல் கட்டியக்காரனுடையது, கோல் பிடித்தவன்தான் பேசவேண்டும் என்பது வழக்கம்.

வெந்தெலின் கல்யாணம்தான் இதையெல்லாம் தலைகீழாக்கியது.

வெந்தெல், மிளகாய்த் தோட்டம் வைத்திருந்த விதவை ரோஸாலியாவின் ஒரே மகன். அந்தக் கோடையில் சந்தைக்கு எல்லைக்கு அப்பாலிருந்து தர்ப்பூசணி விற்க வந்த யாகொதா என்ற பெண்ணைப் பார்த்தான், தர்ப்பூசணி வாங்கினான், மறுநாளும் வாங்கினான். "வீடெல்லாம் தர்ப்பூசணி உருளுது. சரி, பொண்ணையே கூட்டிட்டு வந்துடு, செலவு மிச்சம்" என்றாள் ரோஸாலியா. திராட்சை அறுப்பு முடிந்ததும் நிச்சயம்.

யாகொதாவுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு அரைகுறை. எதெல்காதான் கையால் காட்டி விளக்கினாள்: "எழுத்து வேண்டாம். ரோமன் எண் வேண்டாம். மாசம் ரெண்டு இலக்கம், நாள் ரெண்டு இலக்கம். நாலே நாலு இலக்கம்." முன்பு ஒருவன் ரோமன் எண்ணில் எழுதி ஊரையே குழப்பியதிலிருந்து அவள் இதில் கண்டிப்பு.

வெந்தெல் 0403 என்று எழுதினான். யாகொதா அதைப் பார்த்தாள். கண் விரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சுண்ணக்கட்டியை வாங்கி, பக்கத்தில் 0403 என்றே எழுதினாள்.

தெருவே கை தட்டியது. ஒரே நாளில் பிறந்த ஜோடி! வெந்தெல் அவளைத் தூக்கிச் சுற்றினான். அந்தப் பக்கம் போலவே இந்தப் பக்கமும் பெயர்நாளைத்தான், அதாவது தன் பெயருக்குரிய புனிதரின் நாளைத்தான், கொண்டாடுவார்கள், பிறந்தநாளை யார் கேட்கிறார்கள்? அவள் பெயர்நாளுக்கு என்ன பூ வாங்க வேண்டும் என்பதுவரை தெரிந்துவைத்திருந்த வெந்தெலுக்கு அவள் பிறந்தநாள் தெரியாது. அவளுக்கும் அவனுடையது தெரியாது.

எதெல்கா அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்பே கணக்கை முடித்துவிட்டாள். நான்கு இலக்கம் அப்படியே இரட்டித்து வந்தால் அது பத்தாயிரத்தொன்றின் மடங்கு. எந்த ஜோடி ஒரே நாளில் பிறந்தாலும் எழுபத்துமூன்றும் நூற்று முப்பத்தேழும் உள்ளே உட்கார்ந்திருக்கும். மிச்சம் நானூற்று மூன்று. அது பதின்மூன்று தரம் முப்பத்தொன்று. "பாரு அண்ணே, பதிமூணும் முப்பத்தொண்ணும். ஒண்ணை ஒண்ணு கண்ணாடியில பாக்குதுங்க" என்றாள்.

"மிகையா, குறையா?"

"குறை. முப்பத்துநாலு லட்சத்து எம்பத்தஞ்சாயிரத்துச் சொச்சம் குறையுது."

ரோஸாலியாவின் காதில் கண்ணாடி விழவில்லை. பதின்மூன்றும் குறையும்தான் விழுந்தன. ஜாடிகள் வரத் தொடங்கின. ஒரு வாரத்தில் அவள் உள்ளறை அலமாரி நிரம்பி, ஜன்னல் படியிலும் மாடிப்படியிலும் வெள்ளரிக்காய் நின்றது. மானஸ்தி. யாரிடமும் ஒரு கத்தரிக்காய் கடன் வாங்கியதில்லை.

டெலிபோன் பேச வந்த சாக்கில் எதெல்காவிடம் வந்து நின்றாள். "ஏண்டி எதெல்கா, அந்த முப்பத்துநாலு லட்சத்தைக் கொஞ்சம் பாத்துக் கொறச்சுப் போடக் கூடாதா?"

"நான் என்ன கடையா வெச்சிருக்கேன் அத்தே, தள்ளுபடி குடுக்க?"

"ஊரே என்னைப் பிச்சைக்காரியாக்கி ஜாடி தூக்கிட்டு வருது. எல்லாம் அந்தத் தர்ப்பூசணிக்காரி வந்த ராசி. என் மகன் தனியா இருந்தவரைக்கும் எனக்கு என்ன குறை இருந்துச்சு?"

இந்தக் கடைசி வார்த்தையை அவள் தபால் ஆபீஸோடு நிறுத்தவில்லை. யாகொதா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து மிளகாய்ச் சரம் கோக்க உதவும்போதும் ஜாடை மாடையாக வந்தது. அரைகுறைப் பேச்சுக்காரிக்கும் அந்த ஒரு சொல் புரிந்துவிட்டது. ஒருநாள் எதெல்காவைத் தேடி வந்து, விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நான் வந்து... குறை?" என்றாள்.

எதெல்கா அவள் விரலைப் பிடித்து நெஞ்சிலிருந்து விலக்கினாள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள்: "பந்தியில நான் எழுதிக் குடுக்கற வாசிப்பைக் கேட்டப்புறம் அந்தப் பொண்ணை யாரும் அந்த வார்த்தை சொல்லக் கூடாது. ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன்." வாரக்கணக்கில் உழைத்தாள். கண்ணாடி எண்களை வைத்து, ஒரே நாள் இரண்டு தரம் நிற்கும் இரட்டை வாசலை வைத்து, அழகான ஒரு வாசிப்பு. காஷ்பார் அதை மனப்பாடம் செய்து, அடுப்புக் கட்டும் வீடுகளில் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினான்.

கல்யாணத்தன்று மத்தியானம் ஊர்மன்றத்தில் பதிவு. பதிவாளர் அம்மாள் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு, உரத்த குரலில் வாசித்தார். மாப்பிள்ளை, ஏப்ரல் மாதம் மூன்றாம் நாள் பிறந்தவர். மணமகள், மார்ச் மாதம் நான்காம் நாள் பிறந்தவர்.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலா? மூணுல்ல?" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து.

"மார்ச்சாம்ல!"

வெந்தெல் யாகொதாவைப் பார்த்தான். யாகொதா வெந்தெலைப் பார்த்தாள். எதெல்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. காஷ்பார் பக்கத்தில் நின்று அவள் முகம் வெளுப்பதைப் பார்த்தான். நாம் மாதத்தை முன்னால் எழுதுவோம், நாளைப் பின்னால் எழுதுவோம். எல்லைக்கு அப்பால் நாள்தான் முன்னால். அந்தப் பெண் வெந்தெலின் எண்ணை மார்ச் நான்கு என்று படித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். ஊர் அவளுடையதை ஏப்ரல் மூன்று என்று படித்துக் கை தட்டியிருக்கிறது. ஆளுக்கொரு நாளை நினைத்துக்கொண்டு எல்லாரும் ஒரே மகிழ்ச்சியில் இருந்திருக்கிறார்கள்.

"தினமும் அந்தப் பக்கத்துக்கு லைன் போட்டுக் குடுக்கறேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள் எதெல்கா.

ரோஸாலியா கையெழுத்துப் போடும் மேஜையருகிலேயே கேட்டுவிட்டாள்: "அப்ப என் கதவுல நிக்கறது யாரோட எண்? யாருக்காக நான் இத்தனை வெள்ளரிக்காய் வாங்கினேன்?"

பந்தி கலாசார மன்றத்தில். நடந்து போகும்போது காஷ்பார் தங்கையின் பக்கமாக ஒதுங்கினான். "தயார் பண்ணினதையே சொல்லிடட்டுமா? நல்லா இருக்கு. யாரு பாக்கப் போறா?"

"அது அவங்க எண் இல்ல அண்ணே. யாரு வீட்டுப் பத்திரத்தையோ இவங்க கையில குடுக்கச் சொல்றியா?"

"புது எண்ணும் குறையா வந்துட்டா?"

"வந்தா குறைன்னுதான் சொல்லணும்." அவள் நடையை எட்டிப் போட்டாள். "அந்தப் புள்ளைக்கு நான் என்ன சொல்லுவேன்னு தெரியல. முட்டைக்கோஸ் முடியறவரைக்கும் எனக்கு நேரம் வேணும். இழுத்துப் பிடி."

வழக்கப்படி கறி பொதிந்த முட்டைக்கோஸுக்குப் பிறகுதான் எண் வாசிப்பு. காஷ்பார் கோலைத் தட்டினான்.

"நத்தைச் சேமியா நீந்துது பாரு தங்கக் குளத்திலே,
அத்தை மாமா அள்ளிக் குடிங்க ஆறும் முன்னாலே!"

நத்தை வடிவச் சேமியா போட்ட சூப் வந்தது. எதெல்கா சமையலறைக்குள் போயிருந்தாள். தாள் தேட நேரமில்லை. மாவு தூவிய பெரிய பலகை காலியாக இருந்தது. விரலால் எழுதத் தொடங்கினாள். 4030304.

"என் பலகையில என்னடி கோலம்? வறுவலுக்கு மாவு புரட்டணும்" என்று கத்தினாள் தலைமைச் சமையற்காரி போரிஷ்கா.

"அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன், கொஞ்ச நேரம்."

"கும்பிடற கையிலயும் மாவு! சரி, அந்த ஓரத்துல எழுது."

இரட்டைப்படை, ஆகவே பாதியாக்கலாம். இருபது லட்சத்துச் சொச்சம். மறுபடி பாதி. மறுபடி. ஐந்து தரம் பாதியான பிறகு ஓர் ஒற்றைப்படை வந்து நின்றது: 125947. காஷ்பார் சூப்புக்கும் மீனுக்கும் நடுவே எட்டிப் பார்த்தபோது அவள் அதையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"அஞ்சு ரெண்டு வெளிய வந்தாச்சு. இனி இந்த எண் உடையணும். உடையாம பகா எண்ணாவே நின்னுட்டா குறைதான். மயிரிழையில குறை. உடைஞ்சாலும் சின்ன எண்ணாப் பாத்து உடையணும்."

"உடையும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? நீ உடைச்சிடுவே, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு ஓடினான்.

"தீஸா ஆத்துல பொறந்த மீனு, செவப்பு மிளகாயில் குளிச்ச மீனு,
லேசா நாக்குல பட்டாப் போதும், பேசாத மாமனும் பேசுவாரு!"

அதற்கு மேலும் மீனுக்கென்று அவனிடம் இருந்த பாட்டெல்லாம் பாடினான். கெண்டை பிறந்த கதை, வலையில் விழுந்த கதை, கெண்டையின் மச்சான் அழுத கதை. "யோவ் காஷ்பார், மீனு மறுபடி உயிர் பிடிச்சு நீந்திப் போயிடப் போகுதுய்யா!" என்று பண்டி கூவினான். கூடம் சிரித்தது. ரோஸாலியா சிரிக்கவில்லை. மருமகளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லாரும் தன்னையே பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். யாகொதா தட்டைத் தொடவில்லை.

முட்டைக்கோஸ் வந்தது. காஷ்பார் ஒவ்வொரு இலையையும் ஒரு பொட்டலமாக வர்ணித்து ஒரு பாட்டம் ஓட்டிவிட்டு உள்ளே போனான். இந்தமுறை அங்கே யாகொதாவும் நின்றிருந்தாள், வெள்ளை உடையோடு, பலகைக்கு மறுபக்கம். பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

"குறை?" என்று கேட்டாள்.

எதெல்கா தலை நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னும் தெரியல."

மூன்று, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எல்லாம் பலகையில் அடிக்கப்பட்டிருந்தன. பதினேழு போயிற்று. பத்தொன்பதும் போயிற்று. இருபத்துமூன்றில் மிச்சம் இருபத்திரண்டு. ஒன்றே ஒன்றில் தவறியது. போரிஷ்காகூடக் கரண்டியை வைத்துவிட்டு அருகில் வந்து நின்றாள். எதெல்கா மாவை உள்ளங்கையால் சமன்செய்து, இருபத்தொன்பதால் வகுக்கத் தொடங்கினாள். நான்கு. மூன்று. நான்கு. மூன்று. மிச்சம் இல்லை.

"4343" என்றாள் மெதுவாக. பிறகு கத்தினாள்: "இருபத்தொம்பதுல உடைஞ்சிருச்சு! மிகை! அண்ணே, மிகை எண்! மிச்சம் எப்படி உடைஞ்சா என்ன, இனி மிகைதான்!" அது மேலும் உடைந்தது: நாற்பத்துமூன்று, நூற்றொன்று. இரண்டு ஐந்து தரம், அப்புறம் இந்த மூன்றும். யாகொதாவின் கையைப் பிடித்து மாவோடு குலுக்கினாள். அந்தப் பெண்ணுக்கு "மிகை" என்ற சொல் தெரியாது. ஆனால் எதெல்காவின் முகம் தெரிந்தது.

காஷ்பார் பலகையின் மேல்வரியில் விரல் வைத்தான். ஓட்டுக் கணக்கோ கூலிக் கணக்கோ, எதை எழுதினாலும் கடைசி இலக்கத்திலிருந்து முன்னால் வந்து ஒருமுறை படித்துச் சரிபார்ப்பது அவன் பழக்கம். முன்னாலிருந்து படித்தால் கண் சோம்பேறித்தனமாக ஓடிவிடும். "நாலு, பூஜ்யம், மூணு, பூஜ்யம், மூணு, பூஜ்யம், நாலு. சரியா எழுதியிருக்கே" என்றான்.

"ஆமா. நாலு, பூஜ்யம், மூணு..." எதெல்கா நிறுத்தினாள். "நீ எங்கேர்ந்து படிச்சே?"

"பின்னாலேர்ந்து."

அவள் பலகையைப் பார்த்தாள். முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை. பிறகு, சமையலறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். அவ்வளவு நேரம் அந்த எண்ணை உடைத்துக்கொண்டிருந்தவள் அதன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கூடத்தில் மேஜையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "எண்! எண்! எண்!"

"சொல்லு, சீக்கிரம், நான் பாட்டாக்கிச் சொல்றேன்" என்றான் காஷ்பார்.

"எப்படி? முன்னாலயும் பின்னாலயும்... நாப்பத்துமூணு..." அவளால் கோவையாகச் சொல்ல முடியவில்லை. எண் இன்னும் அவளுக்குள் சூடாக இருந்தது.

காஷ்பார் கோலை அவள் கையில் வைத்தான். "போ. நீயே சொல்லு."

"வழக்கமில்லையே."

"கோல் என்னோடது. நான் குடுக்கறேன்."

முன்கை வரை மாவோடு, ரிப்பன் கோலோடு எதெல்கா கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் சிரிப்பு எழுந்தது. "கட்டியக்காரனுக்குப் பாவாடை முளைச்சிருச்சு!" என்றான் ஒருவன். அவள் கோலைத் தட்டினாள். காஷ்பாரை விடப் பலமாகவே தட்டினாள்.

"கதவுல நிக்கறது தப்பு எண். தப்பு பொண்ணோடது இல்ல, நம்மளோடது. அவங்க ஊர்ல நாளை முன்னால எழுதுவாங்க, நான்தான் கேக்கலை. சரியான எண் நாப்பது லட்சத்து முப்பதாயிரத்து முந்நூத்து நாலு. ரெண்டு அஞ்சு தரம், இருபத்தொம்பது, நாப்பத்துமூணு, நூத்தியொண்ணு. இதைப் பெருக்கினா அது வரும், பென்சில் வெச்சிருக்கறவங்க பாத்துக்கங்க. இது மிகை எண். அதோட சின்ன எண்ணையெல்லாம் கூட்டினா நாப்பத்துநாலு லட்சத்து அம்பத்திரண்டாயிரத்துப் பதினாறு. நாலு லட்சத்துக்கும் மேல மிகை."

கூடம் முழுக்க உறைகளும் சிகரெட் பெட்டிகளும் பென்சில்களும் வெளியே வந்தன. அவள் காத்திருக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. நான் பாக்கலை, எங்கண்ணன் பாத்தான். வெந்தெல் ஏப்ரல் மூணு, யாகொதா மார்ச் நாலு. மாப்பிள்ளை பக்கத்துலேர்ந்து படிங்க: நாலு, பூஜ்யம், மூணு, பூஜ்யம், மூணு, பூஜ்யம், நாலு. இப்ப பொண்ணு பக்கத்துலேர்ந்து படிங்க."

எல்லாரும் சத்தமாகப் படித்தார்கள். பெண்வீட்டார் தங்கள் பேச்சில் படித்தார்கள். எண்கள் இரண்டு பேச்சிலும் ஒரே வரிசையில் வந்தன. யாகொதாவின் அப்பா, தர்ப்பூசணிக்காரர், யாரும் மொழிபெயர்க்காமலே எழுந்து நின்றுவிட்டார்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாலும் ஒரே வீடு" என்றாள் எதெல்கா. "இதுல யாரு வந்து குறைஞ்சுது, யாரு வந்து கூடிச்சுன்னு இனிமே யாரும் பேச முடியாது. அவ இல்லாம இது எண்ணே இல்ல, நாலு இலக்கம்தான்."

பண்டியின் மாமனார் முதலில் பெருக்கி முடித்தார். "சரியா இருக்கு!" என்று கூவினார்.

எல்லாரும் ரோஸாலியாவைப் பார்த்தார்கள். அவள் சிறிது நேரம் மேஜைத்துணியின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு மருமகளின் பக்கம் திரும்பி, தொடாத அந்தத் தட்டை எடுத்து, தன் கையாலேயே ஒரு முட்டைக்கோஸ் பொட்டலத்தை அதில் வைத்தாள்.

"சாப்பிடு. மிகை வீட்டு மருமக பட்டினி கிடந்தா என்னைப் பேசுவாங்க" என்றாள். பிறகு கூடத்தைப் பார்த்து: "ஜாடி குடுத்தவங்கல்லாம் நாளைக்கே வந்து எடுத்துக்கிட்டுப் போங்க! வந்தவங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும். எண்ணு அப்படிச் சொல்லுது."

"அத்தே, என் ஜாடி காலியாயிடுச்சே, நீங்க தின்னுட்டீங்களே!" என்றாள் யாரோ.

"அதுக்கு எதெல்காவைக் கேளு. அவதானே கணக்கு!"

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. வெந்தெல் எதெல்காவின் மாவுக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான், மீசையெல்லாம் வெள்ளையாயிற்று. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த இரண்டு பெண்கள் தங்கள் பிறந்தநாளை அவளிடம் காட்ட வரிசையில் நின்றார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக, "எது நாள், எது மாசம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்தது வறுவல். போரிஷ்கா தட்டுகளோடு கதவருகில் நின்று, பாட்டுக்காகக் காத்திருந்தாள். எதெல்கா கோலைத் திருப்பிக் கொடுத்தாள். காஷ்பார் வாங்கித் தரையில் தட்டினான். வாயைத் திறந்தான். எத்தனையோ கல்யாணத்தில் சொன்ன பாட்டு. ஒரு சொல்லும் வரவில்லை.

"கட்டியக்காரா, வறுவல் ஆறுதுய்யா!" என்று கத்தினாள் போரிஷ்கா.

காஷ்பார் தங்கையைச் சுட்டிக்காட்டினான்.

"அது என் தங்கச்சி" என்றான். அதைத்தான் சொல்ல முடிந்தது. வறுவலுக்குப் பாட்டில்லாமலே அன்று எல்லாரும் சாப்பிட்டார்கள்.